பத்திரமான ஊர்: ஓர் அட்டவணையை வாசித்தல்

1

வாடகைக்கு வீடு தேடிப் போகிறவர் முன்பெல்லாம் மூன்று கேள்விகள் கேட்பார். தண்ணி வருமா, அட்வான்ஸ் எவ்வளவு, பஸ் ஸ்டாப் பக்கமா. வீட்டுக்காரர் கேட்பது ஒரே கேள்வி: நீங்க என்ன ஆளுங்க? இந்த நான்கு கேள்விகளிலேயே நம் நகரங்களின் சமூகவியல் முழுதும் அடங்கிப்போகும். இப்போது ஐந்தாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. “ஏரியா எப்படி, சேஃப்தானே?” இதற்குப் பதில் சொல்லும் பொறுப்பைத் தெருமுனை டீக்கடையிடமிருந்து புள்ளிவிவரம் வாங்கிக்கொண்டுவிட்டது. ஒரு லட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்று ஒரு எண். எண் குறைந்தால் நல்ல ஊர், கூடினால் கெட்ட ஊர். மாற்றல் உத்தரவு வாங்கிய அதிகாரியும், வேலை கிடைத்து வேற்றூர் போகும் இளைஞனும், மகளைக் கல்லூரியில் சேர்க்கும் அப்பாவும் இந்த எண்ணை வைத்து ஊர்களைத் தராசில் போடுகிறார்கள்.

இதை வெறும் நடுத்தர வர்க்கப் பீதி என்று ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை. ராத்திரி பத்து மணிக்கு வேலை முடிந்து ஒரு பெண் தனியாக வீட்டுக்கு நடந்து வரவேண்டும். அவளுடைய பயத்தைச் ‘சொல்லாடல்’ என்று சொல்லிக் கடந்துபோகிற கோட்பாடு எனக்கு வேண்டாம். என் கேள்வி வேறு. அந்தப் பயத்துக்கு இந்த அட்டவணை தருவது பதில்தானா? அல்லது அந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு வேறொரு காரியம் செய்கிறதா? ஒரு இலக்கியப் பிரதியை வாசிப்பது போலவே ஒரு அட்டவணையையும் வாசிக்கலாம். யார் எழுதியது, யாரை நோக்கி எழுதியது, எதைச் சொல்லாமல் விட்டது என்று கேட்கலாம்.

2

பிரதி: தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் ‘இந்தியாவில் குற்றம்’. தொகுதி 1953லிருந்து வருகிறது. காப்பகம் 1986இல் உருவானது. இதில் 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 19 மாநகரங்களுக்குத் தனி அட்டவணை உண்டு. பத்திரிகைகள் ‘பாதுகாப்பான நகரம்’ என்று தலைப்புப் போடுவது இந்த அட்டவணையிலிருந்துதான்.

2021ஆம் ஆண்டுக்கான கணக்கு இது. பதிவான குற்றங்கள், ஒரு லட்சம் பேருக்கு: கொல்கத்தா 103.4, புனே 256.8, ஐதராபாத் 259.9, கான்பூர் 336.5, பெங்களூர் 427.2, மும்பை 428.4. அடுத்த ஆண்டு கொல்கத்தா இன்னும் இறங்கி 86.5 ஆயிற்று. பார்த்தவுடன் முடிவு தயார். மும்பையில் இருப்பவனைவிடக் கொல்கத்தாவில் இருப்பவன் நான்கு மடங்கு பத்திரமாக இருக்கிறான்.

கொஞ்சம் பொறுங்கள். கொல்கத்தாவில் 2021இல் பதிவான வழக்குகள் 14,591. இதை 103.4 ஆக்க வேண்டுமானால் 141 லட்சத்தால் வகுக்க வேண்டும். 141 லட்சம் என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஹவுரா உள்ளிட்ட பெருநகர்த் தொகுதி முழுவதன் மக்கள்தொகை. கொல்கத்தா மாநகராட்சி எல்லைக்குள் அந்தக் கணக்கில் இருந்தவர்கள் ஏறத்தாழ 45 லட்சம் பேர்தான். அதே 14,591ஐ 45 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். 324 வரும். ‘இந்தியாவிலேயே பத்திரமான நகரம்’ கான்பூருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது கணக்குதான் சரி என்று நான் சொல்ல வரவில்லை. காவல் துறையின் எல்லை இந்த இரண்டோடும் முழுசாகப் பொருந்துவதில்லை. நகரம் எங்கே முடிகிறது என்று யாரோ ஒருவர் போட்ட கோட்டிலேயே அந்த நகரத்தின் ஒழுக்கம் தீர்மானமாகிவிடுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. மேலே வகுக்கும் எண் 2011ஐச் சேர்ந்தது. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. அந்தப் பத்தாண்டுகளில் பெங்களூர் எவ்வளவு பெருத்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்து சேர்ந்தவனின் பர்ஸ் திருடு போனால் மேலே தொகுதியில் ஒன்று கூடும். கீழே பகுதியில் அந்த ஆள் இருக்கவே மாட்டான். வேலை தேடி ஜனங்கள் வந்து குவிகிற ஊரெல்லாம் இந்தக் கணக்கில் குற்றம் பெருகும் ஊராகத் தெரியும். புலம்பெயர்ந்து வருகிறவன் பாதிக்கப்பட்டவனாக எண்ணப்படுகிறான், குடிமகனாக எண்ணப்படுவதில்லை.

சென்னையை எடுத்துக்கொண்டால் கோடே நகர்ந்துவிட்டது. 2022 ஜனவரி 1 முதல் தாம்பரமும் ஆவடியும் தனிக் காவல் ஆணையரகங்கள். சென்னைக் காவல் என்ற பெயர் 2021இலும் 2022இலும் ஒரே நிலப்பரப்பைக் குறிக்கவில்லை. பெயர் அப்படியே இருக்கிறது, உடம்பு மாறிவிட்டது. இந்த இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டுச் ‘சென்னையில் குற்றம் குறைந்தது, கூடியது’ என்று பேசுகிறவர் எந்தச் சென்னையைப் பேசுகிறார்?

3

சரி, வகுத்தலை விடுவோம். மேலே இருக்கும் எண் என்ன? அது நடந்த குற்றங்களின் எண்ணிக்கை அன்று. காவல் நிலையத்தில் எழுதப்பட்ட காகிதங்களின் எண்ணிக்கை. இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, காப்பகமே அண்மை ஆண்டுகளின் தொகுதிகளில் முன்பகுதியிலேயே எச்சரித்திருக்கிறது: பதிவு கூடுவது வேறு, குற்றம் கூடுவது வேறு. எச்சரிக்கையை யாரும் வாசிப்பதில்லை. தலைப்புச் செய்திக்கு அது உதவாது.

தமிழ்நாட்டில் காவல் நிலையம் போன யாருக்கும் சி.எஸ்.ஆர். என்ற மூன்றெழுத்து தெரிந்திருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் பேருந்தில் என் செல்போனை யாரோ அடித்துவிட்டார்கள். புகார் கொடுக்கப் போனேன். ரைட்டர் அன்பாகத்தான் பேசினார். “திருட்டுன்னு எழுதாதீங்க சார், காணாம போச்சுன்னு எழுதுங்க. எஃப்.ஐ.ஆர். போட்டா நீங்கதான் கோர்ட்டுக்கு அலையணும். சி.எஸ்.ஆர். வாங்கிக்குங்க, சிம் வாங்க அது போதும்.” போதும்தான். அன்றைக்கு அந்த ஊரில் ஒரு திருட்டு நடக்காமல் போயிற்று. திருடனும் நானும் ரைட்டரும் அறிந்த ஒன்று அட்டவணைக்குத் தெரியாது. புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தீர்ப்புக்கும் ரைட்டர் மேசைக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளக்க எந்தக் காப்பகமும் இல்லை.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். டெல்லியில் 2012இல் பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகள் 706. 2013இல் 1,636. ஒரே ஆண்டில் டெல்லி ஆண்கள் இரண்டு மடங்கு கெட்டுப்போனார்களா? 2012 டிசம்பர் நிகழ்வுக்குப் பிறகு தெருவுக்கு வந்த போராட்டமும், 2013இல் சட்டத்தின் வரையறை விரிந்ததும், வழக்கை மறுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று காவலர்களுக்கு வந்த பயமும், வாய் திறக்கலாம் என்று பெண்களுக்கு வந்த துணிச்சலும் சேர்ந்த எண் அது. அட்டவணையை மட்டும் பார்த்து வீடு தேடுகிறவர் 2012இன் டெல்லியைத் தேர்வு செய்வார். பெண்கள் மௌனமாக இருந்த டெல்லியை.

கேரளம் எப்போதும் பட்டியலில் மேலே நிற்கும் மாநிலம். அங்கே காவல் நிலையத்தில் காகிதம் எழுதப்படுகிறது என்பது அதற்கு ஒரு காரணம். 2022இல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்ட விகிதம் 96 சதவீதம், நாட்டிலேயே அதிகம். புகார் கொடுத்தால் வேலை நடக்கும் என்ற ஊரில் புகார் கூடும். எங்கே போனாலும் ஒன்றும் நடக்காது என்று தெரிந்த ஊரில் சனங்கள் சாமியிடம் முறையிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். அந்த ஊர் அட்டவணையில் சாந்த சொரூபியாக இருக்கும்.

இவ்வளவுக்கும் மேல், எது குற்றம் என்பதை அரசு சொல்கிறது. 2020ஐ நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் ஈ காக்கை இல்லை. திருட்டு குறைந்தது. ஆனால் நாட்டில் பதிவான மொத்தக் குற்றங்கள் 51,56,158இலிருந்து 66,01,285க்கு ஏறின. விகிதம் 385.5இலிருந்து 487.8. காரணம், அரசு ஊழியரின் உத்தரவை மீறியதற்கான 188ஆம் பிரிவு. 2019இல் அந்தப் பிரிவில் 29,469 வழக்குகள், 2020இல் 6,12,179. காய்கறி வாங்கப் போனவனும் ஊர் போய்ச் சேர நடந்தவனும் குற்றவாளியானார்கள். சுதந்திர இந்தியாவின் மிக வெறிச்சோடிய ஆண்டு, அதற்கு முந்தைய ஆண்டைவிடக் குற்றம் மிகுந்த ஆண்டாக ஆவணத்தில் நிற்கிறது.

வண்டியை வேகமாக ஓட்டிய வழக்கும் கொலை வழக்கும் இந்தக் கூட்டலில் ஆளுக்கு ஒன்று. ஒரே சம்பவத்தில் வல்லுறவும் கொலையும் நடந்தால் கொலை மட்டும் எண்ணப்படும். பெரிய குற்றம் சின்னதை விழுங்கும் என்பது எண்ணும் விதி. செத்தவள் அதற்கு முன் என்ன பட்டாள் என்பது அந்தக் கட்டத்துக்குள் இல்லை.

4

இடத்தையும் குற்றத்தையும் எண்ணால் கட்டிப்போடும் இந்த வித்தைக்கு ஏறக்குறைய இருநூறு வயசு. பிரான்சின் நீதித்துறை 1827லிருந்து தேசியக் குற்றக் கணக்கை வெளியிட்டது. 1833இல் அந்த்ரே-மிஷேல் கெரி அதை வைத்து மாவட்டங்களுக்கு நிழல் தீட்டி வரைபடம் போட்டார். கல்வி பெருகினால் குற்றம் குறையும் என்ற அன்றைய கனவான்களின் நம்பிக்கை அந்த வரைபடத்தில் நிற்கவில்லை. அதே காலத்தில் பெல்ஜியத்தின் அடால்ஃப் கெத்லே ஆண்டுக்கு ஆண்டு குற்றக் கணக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி வருவதைக் கண்டு வியந்தார். அவர் ஒரு விஷயத்தை ஒளிக்கவில்லை. தெரிந்த குற்றத்துக்கும் தெரியாத குற்றத்துக்கும் உள்ள விகிதம் மாறாமல் இருக்கும் என்று வைத்துக்கொண்டால்தான் இந்த ஒப்பீடெல்லாம் செல்லும் என்றார். இன்று ஊர்களை வரிசைப்படுத்துகிறவர்கள் கெத்லேயின் எண்ணை எடுத்துக்கொண்டார்கள், அவருடைய நிபந்தனையைத் தொலைத்துவிட்டார்கள்.

ஃபூக்கோவை வாசித்தவர்களுக்கு அடுத்த படி தெரியும். குற்றத்தைத் தண்டிப்பதிலிருந்து குற்றவாளி என்ற ஆளை உற்பத்தி செய்வதற்கு அதிகாரம் நகர்கிறது. நமக்கு இதைச் சொல்ல பாரிஸ் வரை போக வேண்டியதில்லை. 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சனங்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். ஒரு குடும்பத்தில் பிறந்தாலே கைரேகை வைக்க வேண்டும், இரவில் எங்கே படுக்கிறாய் என்று கணக்குக் கொடுக்க வேண்டும். எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு பெண் உட்படப் பலர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947இல் போயிற்று. நாடு முழுக்க 1952இல் போயிற்று. சட்டம் போயிற்றே தவிர, அதன் இலக்கணம் போகவில்லை. அன்றைக்கு ‘இந்தச் சாதியில் பிறந்தவன்’ என்ற இடத்தில் இன்றைக்கு ‘இந்த ஏரியாவில் குடியிருப்பவன்’ என்று வைத்துப் பாருங்கள். வாக்கியம் உடையாமல் நிற்கிறது.

கண்ணகி நகரை எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டிலிருந்து சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பிடுங்கிக் கொண்டுபோய் துரைப்பாக்கத்தில் அரசு நட்ட இடம். பார்த்த வேலை இருபது கிலோமீட்டர் தள்ளிப்போயிற்று. வேலை போன இடத்தில், இரவில் விளக்கில்லாத இடத்தில், ஒன்றோடொன்று ஒட்டிய சின்னச் சின்ன வீடுகளில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அதன் பிறகு நகரம் அந்த இடத்தைக் காட்டி “அது ஒரு மாதிரி ஏரியா” என்றது. நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகள் முகவரியை மறைத்து “துரைப்பாக்கம்னு சொல்லிடு” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். முகவரியைக் கேட்டு வேலை மறுக்கப்பட்டவர்கள் அங்கே நிறையப் பேர். வேலை மறுப்பு மறுபடி வேலையில்லாமையை உண்டாக்குகிறது, அது மறுபடி எண்ணை உண்டாக்குகிறது, எண் மறுபடி மறுப்புக்குச் சான்றாகிறது.

ரோந்து வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே வழக்கு பிறக்கும். பைக்கை நிறுத்திச் சோதிப்பது புளியந்தோப்பிலா போட் கிளப்பிலா? பொது இடத்தில் குடித்தான் என்ற வழக்கு, குடிக்க வீட்டில் தனி அறை இல்லாதவன் மேல்தான் வரும். வரி ஏய்ப்புக்கு எந்தத் தெருவிலும் ரோந்து கிடையாது. ஆகவே குற்ற விகிதம் குடியிருப்பவர்களைப் பற்றிச் சொல்வதைவிட, கண்காணிப்பு எங்கே படிந்திருக்கிறது என்பதைத்தான் அதிகம் சொல்கிறது. அதை வாசித்து இடம்பெயர்கிற நடுத்தர வர்க்கம், தான் விட்டுப்போகும் இடத்தை இன்னும் ஏழையாக்கிவிட்டுப் போகிறது. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் விளையாடிய கார்த்திகா, ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்று ஊர்ப்பெயரோடுதான் நாளிதழ்களில் வந்தார். மறைக்கப்பட்ட முகவரி முன்னொட்டாக வந்ததை ஒரு அரசியல் நிகழ்வாகவே நான் வாசிக்கிறேன்.

5

இங்கே நம் முகாமைச் சேர்ந்த நண்பர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. “குற்றம் என்பதே ஒரு கட்டமைப்பு, பயம் என்பதே ஆளும் கருத்தியல்” என்று பேசிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாம். நமக்கு வீடு இருக்கும் ஏரியா அப்படி. கட்டப்பஞ்சாயத்துக்கும் கந்துவட்டிக்கும் கத்திக்கும் முதல் இரை அதே கண்ணகி நகர்க்காரர்கள், அதே புளியந்தோப்புக்காரர்கள்தான். அவர்களுக்கும் பத்திரம் வேண்டும். பாதுகாப்பு என்ற சொல்லை வலதுசாரிகளுக்கும் செக்யூரிட்டி கம்பெனிகளுக்கும் தாரை வார்த்துவிட்டுக் கட்டுடைத்துக்கொண்டிருப்பதில் எந்த விடுதலையும் இல்லை. கேட்க வேண்டியது, யாருடைய பாதுகாப்பு, எதிலிருந்து என்பது.

எதிலிருந்து? வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம்சாட்டப்பட்டவன் பாதிக்கப்பட்டவளுக்குத் தெரிந்தவன் என்று அதே காப்பகத்தின் தொகுதிகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். கேரளத்தில் அது சுமார் 10 சதவீதம். குற்றப் பட்டியலில் மேலே நிற்கும் மாநிலம் இங்கே கீழே போய்விடுகிறது. அடிபட்ட பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுதும் 14 சதவீதம். சுற்றுச்சுவரும் வாட்ச்மேனும் கேமராவும் உள்ள அடுக்ககத்தை ‘சேஃப்’ என்று வாங்குகிறோமே, அந்தச் சுவர் வெளியே இருந்து வருகிறவனைத் தடுக்கும். உள்ளே இருக்கிறவனை மறைக்கும்.

கொல்கத்தாவுக்குத் திரும்புவோம். 2024 ஆகஸ்ட் 9 அன்று ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் வல்லுறவு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். ஒரு கொலையை வைத்து ஒரு நகரத்தின் விகிதத்தைப் பொய்யாக்க முடியாது, அப்படி நான் வாதிடவும் இல்லை. ஆகஸ்ட் 14 இரவில் தெருவுக்கு வந்த பெண்கள் கேட்டது விகிதத்தைப் பற்றியே இல்லை. இரவுப் பணியில் படுக்க ஒரு அறை, பூட்டிக்கொள்ள ஒரு கதவு, நள்ளிரவில் நடக்க ஒரு தெரு. ‘முதலிடம்’ என்ற எண்ணுக்கும் இந்த மூன்றுக்கும் சம்பந்தமே இல்லை என்பதை அந்த இரவு சொல்லிவிட்டது.

யாருடைய? ஒரு தலித் குடும்பமோ முஸ்லிம் குடும்பமோ வீடு தேடும்போது முதல் ஆபத்து திருடன் இல்லை, வீட்டுக்காரர். ‘சைவம் மட்டும்’ என்ற பலகை எந்தச் சட்டப் பிரிவிலும் எண்ணப்படாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அது அட்டவணையில் ஒரே ஒரு வழக்கு. அந்த மாவட்டத்தின் விகிதத்தில் தசமத்துக்குப் பின்னால் எங்கோ கிடக்கும். எண்ணிக்கையில் ஒன்று, ஒரு முழு ஊரின் உறவுகளுக்கோ அதுதான் விளக்கம். ‘எங்க ஊர்ல போலீஸே வந்ததில்லை’ என்று பெருமை பேசும் கிராமத்தைக் கண்டு நான் கொஞ்சம் பயப்படுகிறேன். யார் வாயைத் திறக்க முடியாததால் போலீஸ் வரவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

6

அப்படியென்றால் ஒப்பிடவே கூடாதா? ஒப்பிடலாம். மொத்த எண்ணை ஒப்பிடுவதுதான் வீண்.

பிணத்தை மறைப்பது கஷ்டம். அதனால் எல்லாக் கணக்கிலும் கொலைக் கணக்குதான் ஓரளவு நம்பத் தகுந்தது. 2022இல் நாட்டில் பதிவான கொலை வழக்குகள் 28,522. அதே ஆண்டு சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர், கிட்டத்தட்ட ஆறு மடங்கு. கத்திக்குப் பயந்து ஊர் தேடுகிறவர் நடைபாதை இருக்கிறதா என்று கேட்பதில்லை. உயிர்தான் கணக்கு என்றால் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

பிறகு, பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை. ராத்திரி ஒன்பதரைக்குப் பஸ் இருக்கிறதா. அந்த நேரத்தில் தெருவில் பெண்கள் நடக்கிறார்களா. பூக்காரம்மாவும் இட்லிக் கடையும் எத்தனை மணிவரை இருக்கிறார்கள். வெளிச்சம் இருக்கிறதா. பக்கத்து வீட்டில் ஒரு பெண் கத்தினால் யாராவது கதவைத் தட்டுவார்களா. காவல் நிலையத்தில் சேரியிலிருந்து போகிறவரை உட்காரச் சொல்வார்களா, நிற்க வைப்பார்களா. இவற்றுக்கு எண் கிடையாது. இவை எல்லாவற்றையும் குடியிருப்பவர்கள் மாற்றிக்கொள்ள முடியும் என்பது முக்கியம். குற்ற விகிதம் வாசகனிடம் ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறது: ஓடிப்போ, நல்ல எண் உள்ள இடத்தைத் தேடிக்கொள். தெருவிளக்கு கேட்டு மனுக் கொடுக்கச் சொல்லி எந்த அட்டவணையும் சொல்லாது.

ஊரைப் பொருளாக்கி, குடிமக்களை நுகர்வோராக்கி, பத்திரத்தைத் தனித்தனியாக வாங்கிக்கொள்ளும் சரக்காக்குகிறது இந்த ஒப்பீடு. வாங்க முடிந்தவன் போய்விடுவான். போக முடியாதவன்மேல் அந்த எண் ஒட்டிக்கொள்ளும், ஒரு காலத்தில் ரேகை ஒட்டிக்கொண்டது போல. பாண்டியனிடம் நீதி கேட்டவளின் பெயரைத் தூக்கி, ஊரை விட்டுத் தள்ளப்பட்டவர்களின் குடியிருப்புக்கு வைத்த அரசுக்கு அந்தப் பெயரின் பொருள் தெரியாமல் இருக்கலாம். “அந்த ஏரியா வேண்டாம்ப்பா” என்று சொல்வதற்கு முன்னால் நமக்காவது தெரிந்திருக்க வேண்டும்.